முறுக்கு டப்பாவில் சூப்பர்வைசர்

ஜன. 8, வியாழன்

பனி. எதிர்வீடு தெரியல. அஞ்சரைக்கே முழிப்பு. வேலைக்குப் போறதில்ல, ஆனாலும் கை டிபன் பாக்ஸத் தேடுது. என்ன பழக்கமோ.

இன்னைக்கு: தண்ணி கேன். கேஸ் புக் பண்ணணும். சூப்பர்வைசருக்கு நாலு ஈயாவது வேணும்.

சூப்பர்வைசர்னா கும்பிடுபூச்சி. மக கவி வச்ச பேரு. கையக் கட்டிக்கிட்டு நின்னு எல்லாரையும் நோட்டம் விடுதாம், மில்லுல அப்பா மாதிரியாம். கருவேப்பிலைச் செடியில பிடிச்சு, முறுக்கு டப்பாவுல குச்சியும் இலையும் போட்டு, மேல கொசுவலையக் கட்டி வச்சா. இடது பக்கம் நடுக்கால் கிடையாது. பிடிக்கும்போதே இல்ல. எந்தக் குருவி கொத்துச்சோ.

மில்லுல என்னைய வேலைய விட்டு நிறுத்துனத வீட்டுல சொல்லல. மூணு மாசம் தெனமும் டிபனக் கட்டி வாங்கிட்டுப் போயி விராலிமலை பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து தின்னேன். போன மாசம் பொஞ்சாதி தேவிக்குத் தெரிஞ்சுபோச்சு. "வேலை போனதுக்கு இல்லங்க. மூணு மாசம் என் கையாலயே சோறு கட்ட வச்சீங்களே, அதுக்கு." கவியக் கூட்டிக்கிட்டு ஆவுடையார்கோவில், அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அரையாண்டு லீவு முடிஞ்சாச்சு. வரல. அவ தையல் மெஷின் மேல துணி போட்டு மூடிக் கெடக்கு, அதப் பாக்கவே பிடிக்கல.

போகும்போது கவி சொன்னது ஒண்ணுதான். "அப்பா, சூப்பர்வைசர சாக விட்றாதீங்க."

ஜன. 10, சனி

வாழப்பழத் தோல் வச்சு ஏழு ஈ. வேலை இல்லாதவன் ஈ ஓட்டுவான்னு சொல்லுவாங்க. நான் பிடிக்கிறேன்.

திங்கல. ஈ சூப்பர்வைசர் மூஞ்சியிலயே நடக்குது, அடிக்க மாட்டேங்குது. தலைய மட்டும் திருப்பி என்னையப் பாக்குது. கண்ணுல கறுப்பா ஒரு புள்ளி, எங்கிட்டுப் போனாலும் கூடவே வருது.

மாடிச் சுவர்ல ரெண்டு மயில், டப்பா மேலயே கண்ணு. ஜன்னல்ல இருந்து எடுத்து பீரோ மேல வச்சேன். அங்க வெளிச்சம் இல்ல. திரும்ப ஜன்னல். திரும்ப பீரோ. பொழுதே போயிருச்சு.

கவி போன். "சாப்பிட்டுச்சா?"

"ம், ஒரு ஈ தின்னுச்சு."

வாய் தன்னால சொல்லிருச்சு. போன வச்ச பெறகு செவுத்துல முட்டிக்கலாம் போல. இதுக்கு எதுக்குடா பொய்? திரும்ப போன் அடிச்சேன். "இல்லம்மா, தின்னல." அந்தப் பக்கம், தூரத்துல தேவி கொரல் மட்டும்: "நான் சொன்னேன்ல?"

ஜன. 12, திங்கள்

இன்னமும் திங்கல. தலைகீழாத் தொங்குது. வயிறு உப்பல். தண்ணி தெளிச்சேன், ஒரு சொட்ட நக்குச்சு.

ஹைவேஸ் பெட்ரோல் பங்க்ல வேலை கேட்டேன். பொங்கல் கழிச்சு வாங்கன்னாங்க. வந்ததும் செருப்பக் கழட்டாமலே டப்பாவப் பாத்தேன். உசுரு இருக்கு.

சாயந்தரம் தேவியே போன். அடுத்த திங்கக்கிழமை வாராளாம். "டி.சி. வாங்கணும். கவிய இங்கயே சேத்துடுறேன். அந்தப் பூச்சியும் வேணுமாம் அவளுக்கு." சரின்னேன். புள்ளை போயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?

இன்னொண்ணு. கவிக்கு அஞ்சு வயசுல தொட்டி மீன் செத்துச்சு. அதே கலர்ல வேற வாங்கிப் போட்டு, அதேதான்னு சாதிச்சேன். வால்ல வெள்ளைப் பொட்டு இல்லன்னு கண்டுபிடிச்சுட்டா. இன்னமும் சொல்லிக் காட்டுவா. அதனால எழுதி வைக்கிறேன்: இது செத்தா வேற பிடிச்சு வைக்க மாட்டேன்.

ஜன. 14, புதன், போகி

விடியல, பனி. வீட்டக் கூட்டிட்டு டப்பாவ எட்டிப் பாத்தேன். அடியில கெடக்கு. வெளிறி, காஞ்சு, சருகா. காலெண்ணிப் பாத்தேன். இடது நடுக்கால் இல்ல. அதேதான். வலைய லேசா அவுத்து எடுத்துட்டுத் திரும்ப முடிஞ்சேன். காலி டப்பாவ எதுக்கு முடிஞ்சேனோ, கைப்பழக்கம். தெருவுல பழைய பாய் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதுல போட்டேன். புகைதான் கண்ணுலன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

மத்தியானம் டப்பாவக் கழுவ எடுத்தா, இலைக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கிது! பச்சைப் பசேல்னு. முதுகுல றெக்கை. ஆறு காலும் இருக்கு.

யூடியூப் பாத்தேன். பாம்பு மாதிரி சட்டை உரிக்குமாம். அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் திங்காதாம். கடைசியா உரிக்கும்போது றெக்கை வருமாம். போன காலும் மொளைக்குமாம். நான் எரிச்சது சட்டைய! தனியா ஒக்காந்து சிரிச்சேன்.

பெறகுதான் ஒறச்சுது. கவிகிட்ட இத எப்படிச் சொல்றது? காலும் மொளச்சு றெக்கையும் மொளச்சுதுன்னா, மீன் கதைக்கு அப்பனாட்டம்ல இருக்கும். சாட்சிக்கு இருந்த ஒரே சட்டையையும் கொளுத்திட்டேன். மடப்பய.

ஜன. 17, சனி, காணும் பொங்கல்

ஊரே வெளியில. நான் வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும். கரப்பான் ஒண்ணு குடுத்தேன். தலையில இருந்து தின்னுச்சு, மீச மட்டும் மிச்சம்.

ஒரு யோசனை. "அது செத்துப்போச்சும்மா, இது வேற"ன்னு சொல்லிட்டா? உடனே நம்புவாங்க. அப்பா திருந்திட்டாருன்னுகூட நெனப்பாங்க. டி.சி. வேணாம்னுகூட தேவி சொல்லலாம். நெசத்தச் சொன்னாத்தான் பொய்யனாவேன். என்ன கொடுமைடா சாமி.

ரெண்டு மாதிரியும் சத்தமாச் சொல்லிப் பாத்தேன். பொய்தான் திக்காம வருது.

ஜன. 19, திங்கள்

வெயில். காலையில பங்க்குக்குப் போனேன். நாளையில இருந்து வரச் சொன்னாங்க.

பதினோரு மணிக்கு வந்தாங்க. தேவி பைய வாசல்லயே வச்சா. செருப்பக் கழட்டல. கவி நேரா டப்பாகிட்ட போனா. பாத்தா. கால எண்ணுனா.

"இது சூப்பர்வைசர் இல்ல."

வாய் வரைக்கும் வந்துச்சு, ஆமாம்மா வேறதான்னு. முழுங்கிட்டேன். "அதேதாம்மா. சட்டை உரிச்சுச்சு. கால் மொளச்சிருச்சு."

"சட்டை எங்க?"

"செத்துப்போச்சுன்னு நெனச்சு போகியில போட்டுட்டேன்."

கவி என்னையப் பாக்கல, அவ அம்மாவப் பாத்தா. போன எடுத்தேன். "யூடியூப் எல்லாம் வேணாங்க," ன்னா தேவி. "டி.சி. லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்." பேனா தேட உள்ள போனேன். ஒண்ணு எழுதல, இன்னொண்ணு எழுதுச்சு.

வெளிய வந்தா, தேவி டப்பாவ ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஊசியில நூல் கோக்குற மாதிரி கண்ண இடுக்கிக்கிட்டு நிக்கிறா.

"கவி, இங்கிட்டு வா. இந்த ஒரு கால் மட்டும் குட்டை. மெலிசாவும் இருக்கு. எது?"

கவி எண்ணுனா. "இடது. நடு."

"வேற பூச்சின்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவால்ல இருக்கும்?" கவிகிட்டதான் கேட்டா, என்கிட்ட இல்ல.

கவி மெதுவா வலையத் தடவுனா. "சூப்பர்வைசர்," ன்னு கூப்பிட்டா. அது தலையத் திருப்புச்சு.

லெட்டருக்குக் கைய நீட்டுனேன். தேவி குடுக்கல.

"நாளையில இருந்து பங்க்ல வேலை," ன்னேன்.

என்னையவே பாத்தா. "நெசமா?"

"நெசம்."

"எத்தன மணிக்கு?"

"ஆறுக்கு."

வாசலுக்குப் போயி செருப்பக் கழட்டிட்டு வந்தா. "டிபன் பாக்ஸ எங்க வச்சீங்க?"