புது விமானத்தில் விட்டுப்போன டேப்

செவ்வாய், இரவு.

யாரிடமும் சொல்ல முடியாததைக் கைப்பேசியிடம் சொல்கிறேன். அது எழுதிக்கொள்கிறது.

கடலைக் கண்காணிக்கும் பழைய விமானங்களை முப்பது வருடம் கழுவினேன். கழுவும் முன், காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அளக்கும் சின்னத் துளைகளில் தண்ணீர் போகாமல் டேப் ஒட்டுவோம். கழுவியதும் உரிப்பது என் வேலை. எந்தத் துளை எங்கே என்று கைக்கே தெரியும். இப்போது அவற்றுக்குப் பதிலாக, பயணிகள் விமானத்தை மாற்றிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். துளைகள் வேறு இடத்தில். தாளில் பட்டியல் கொடுத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

இன்று பழைய நினைவிலேயே உரித்தேன். விமானத்தின் வயிற்றுப் பக்கம் ஒரு டேப் விட்டுப்போனது. சூப்பர்வைசர் செல்வம் பார்த்துவிட்டான். அப்படியே பறந்திருந்தால் விமானிக்கு உயரம் தப்பாகக் காட்டியிருக்கும். உள்ளே எட்டுப் பேர் போவார்கள்.

"என்ன அங்கிள், லிஸ்ட்ட பாக்கலையா?"

"கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன் தம்பி."

"நீங்களே இப்படி செஞ்சா எப்படி லா? யார்ட்டயும் சொல்லல. நாளைக்குக் கண்ணாடி போட்டு, என் முன்னாடி ஒவ்வொண்ணா படிச்சு உரிங்க."

தேக்காவில் இருக்கும் வீடு வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த எட்டுப் பேர்.

காலையில் கண்ணாடி எங்கே என்று கேட்பான். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.