தையலுக்கு விட்ட துணி

அன்புச் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சண்டை மட்டும் வழக்கம்போல் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன்ல கேட்டா ரெண்டு பேரும் பேச்சை மாத்துறீங்க, லெட்டர்ல எழுதும்மா, நல்லா யோசிச்சு எழுது என்று கறாராகச் சொல்லிவிட்டாய். இதுதான் அந்த வீட்டில் கடைசிக் குளிர்காலம், வெயில் வந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிட வேண்டும், உங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன், வருகிறீர்களா இல்லையா என்பதுதானே உன் கேள்வி? பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். ஆனால் நேராகப் பதிலுக்குப் போனால் உனக்குப் புரியாது, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், தாண்டித் தாண்டிப் படிக்காதே. கதைப் புத்தகத்திலேயே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ, எனக்குத் தெரியாதா.

இந்த வருஷம் பொல்லாத குளிர். துவைத்த துணி நாள் கணக்கில் கொடியில் தொங்குகிறது, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் அது ஈரமா வெறும் சில்லிப்பா என்றே தெரியவில்லை. சரி, இஸ்திரி போட்டுக் காய வைக்கலாம் என்றால் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியைப் போட வேண்டும், மறந்துபோய் இரண்டையும் சேர்த்துப் போட்டால் வீடு முழுக்க இருட்டு. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன், இதுக்குப் போயி ஆளா என்று உன் அப்பா தையல் நூலைச் சுற்றிக் கட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். சொட்டுவது நின்றபாடில்லை, முடிச்சு மட்டும் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

அப்பாவின் உடம்பைப் பற்றித்தான் உனக்குக் கவலை, அதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். வாதம் வந்த கால் தேறிவிட்டது, தெருமுனைக் கடை வரை தனியாகப் போய்ப் பால் வாங்கி வருகிறார். பேச்சும் தெளிவாகிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே தெளிவாகிவிட்டது. வலது கைதான் இன்னும் பழையபடி ஆகவில்லை, விரல் மடங்குகிறது, பிடிமானம் வரவில்லை. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்தினீர்களா என்றால் அழுத்தியாச்சு அழுத்தியாச்சு என்பார், வீடு பெருக்கும்போது பார்த்தால் பந்து கட்டிலுக்கு அடியில் ஒட்டடையோடு உட்கார்ந்திருக்கும். கேட்டால் காத்துக்கு உருண்டிருக்கும் என்று கூசாமல் சொல்வார். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் என்னவென்றால், யாராவது வாசலுக்கு வந்தால் அந்தக் கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொள்வார். தையல் கடையை மூடிவிட்டாலும் தெருவில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தானே, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கேட்காத மாதிரி உள்ளே போய்விடுவார். வாழ்நாளெல்லாம் துணி வெட்டின மனிதர், என்ன மாஸ்டர் என்று யார் கூப்பிட்டாலும் வெட்டிக்கொண்டே சிரித்தவர், இப்படி ஒளிந்துகொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மகளிடம் போய்விட்டால் அங்கே அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆள் இல்லை, நிம்மதியாக இருப்பார் என்று தோன்றும். மறைப்பானேன், நீ கேட்ட அன்றைக்கே மனசுக்குள் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டேன். வருகிறோம் என்று எழுதுவதாகத்தான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பின்னறை ஜன்னல் கதவு விழுந்தது. நீ படித்த அறை, இப்போது தையல் மெஷின் இருக்கும் அறை. கீழ்க்கட்டை உளுத்துப் போயிருந்தது, ஒரு காற்றுக்குக் கழன்று வந்துவிட்டது. பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன், அது படபடவென்று அடித்துக்கொண்டதில் மத்தியானத் தூக்கம் போயிற்று. நெட்டைத் தச்சருக்கு ஆள் அனுப்பினேன், அவர், வந்து அளவெடுக்க நேரமில்லம்மா, நீங்களே அளந்து சொல்லுங்க, செஞ்சு கொண்டாந்து மாட்டிடறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அளவு என்றதும் உன் அப்பாவுக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வந்ததோ, டேப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, ஜன்னலுக்குச் சட்டை தைக்கிறவர் மாதிரி மேலே கீழே குறுக்கே நெடுக்கே அளந்தார். நான் பக்கத்தில் நின்று ஒரு கருத்து சொன்னேன், நீ சும்மா இரு, அளவு என் வேலை என்றார். இருந்தேன்.

கதவு வந்தது, நல்ல மரம், நல்ல வேலை. தச்சர் தூக்கி ஜன்னலில் வைக்கிறார், போகவில்லை. திருப்பி வைக்கிறார், போகவில்லை. நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதல். மாஸ்டர் சொன்ன அளவுதாம்மா, ஒரு நூல்கூட மாத்தலை என்று தச்சர் சத்தியம் செய்கிறார். உன் அப்பா டேப்பை வாங்கி மறுபடி ஜன்னலை அளந்தார், கதவை அளந்தார், முகம் சிவந்துபோயிற்று. என்னங்க ஆச்சு என்றேன். டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, தையலுக்கு விட்டுட்டேன் என்றார். புரிகிறதா உனக்கு? துணி வெட்டும்போது மடித்துத் தைப்பதற்காக ஓரத்தில் கூடுதலாக விடுவாரே, அதே பழக்கத்தில் மரத்துக்கும் நாலு பக்கமும் விட்டிருக்கிறார்! மடிச்சு அடிச்சிடலாமா மாஸ்டர் என்று கேட்டுவிட்டுத் தச்சர் சிரித்தார் பார், கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை, ஆனால் உன் அப்பா உள்ளே போய்விடுவாரோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். போகவில்லையடி. அவரே சிரித்தார். உடம்புக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்ததில் சால்வை நழுவிக் கீழே விழுந்தது, எடுத்துப் போர்த்திக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

தச்சர் கதவை இழைத்து எடுத்து வருகிறேன் என்று திரும்பக் கொண்டுபோனார், கையில் வேறு வேலை இருப்பதால் நாளாகும் என்றும் சொல்லிவிட்டார். அதுவரை குளிரில் விறைக்க வேண்டுமா, கெட்டியாக ஒரு திரை தைத்துப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது உன் அப்பாதான். கடையை மூடியபோது மிஞ்சின கோட்டுத் துணிகள் பெட்டி நிறைய இருக்கின்றன, சாம்பல் நிறத்தில் ஒரு கனமான துணியை எடுத்தார், உள்ளே லைனிங்குக்கு இன்னொன்று. மெஷின் டிராயரிலிருந்து அந்தப் பெரிய கத்தரிக்கோலையும் எடுத்தார். உடம்புக்கு வந்த பிறகு அதை அவர் தொட்டதே இல்லை. தடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் துணியை விரித்துவிட்டார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக வளையத்துக்குள் நுழைத்துக்கொண்டு, துணியில் வைத்து அழுத்தினார். கத்தரி திறந்தது, மூடவில்லை. இன்னொரு முறை முயன்றார், நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எடுக்கவில்லை அவர், முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மெஷினைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். குனிந்து கத்தரிக்கோலை எடுத்தார், முனை மழுங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், பிறகு என் கையில் கொடுத்தார். சிட்டு, உனக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்காக அந்தக் கத்தரிக்கோலால் காகிதப் பூ வெட்டிவிட்டு நீ வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா, நான்கூட நூல் நுனியை வெட்ட வேறு கத்தரிதான் வைத்திருந்தேன். கடையில் அவர் வெட்டுவார், நான் தைப்பேன், காஜா போடுவேன், பட்டன் வைப்பேன், வெட்டுகிற மேசைப் பக்கம் என் கை போனதே இல்லை. எனக்கு வெட்டத் தெரியாதுங்க, துணி வீணாயிடும் என்றேன். வீணாப் போனா போவுது, வெட்டு என்றார். இடது கையால் சாக்கட்டியைப் பிடித்துக் கோடு போட்டார், கோடு பாம்பு மாதிரி போயிற்று, அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்புறம் வலது கையை விரித்துத் துணிமேல் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தக் கை பிடிக்காது, ஆனால் அழுத்தும்! நல்ல கனமான கை, துணி ஓர் இம்மி நகரவில்லை. கோட்டு மேல வெட்டாதே, கோட்டுக்கு வெளிய வெட்டு, அவசரப்படாதே, கத்தரியைத் துணியை விட்டுத் தூக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் வெட்டிக்கொண்டே போனேன். துணி வீணாகவில்லை. வெட்டி முடித்ததும் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், ம் என்றார். அந்த ம்முக்காக எத்தனை கடைப் பையன்கள் தவம் கிடந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திரையைத் தொங்கவிட்டதும் அறை கதகதவென்று ஆகிவிட்டது. மாடி வீட்டு டீச்சர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஓரம் எவ்ளோ நேரா இருக்கு, என்ன இருந்தாலும் மாஸ்டர் கை மாஸ்டர் கைதான் என்றார். இதோ உன் அப்பா எழுந்து உள்ளே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, வெட்டினது நானில்ல டீச்சர், இவங்க, நான் துணியைப் பிடிச்சுக்கிட்டேன் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, எப்படிப் பிடித்தார் என்று மேசைமேல் வலது கையை விரித்து வைத்துக் காட்டினார். சால்வை தோளில்தான் இருந்தது, கை வெளியே இருந்தது. டீச்சர் தன் வீட்டுக்கும் ஒரு திரை கேட்டார், இப்போது அதுதான் மேசைமேல் கிடக்கிறது. உன் அப்பாவை நினைத்து எனக்கு வருகிற பெருமையை எங்கே போய்ச் சொல்வது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். என்னை நினைத்தும் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை நீயாகவே புரிந்துகொள்.

கதவும் வந்து மாட்டியாயிற்று. தச்சர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இழைத்துவிட்டார், விரல் போகிற அளவுக்குச் சந்து. உன் அப்பா அதில் துணிப் பட்டையைச் செருகிவிட்டு, தையலுக்கு விட்டதை முழுசா எடுத்தா இப்படித்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியில் தப்பு தச்சருடையது என்றே ஆகிவிட்டது, பாவம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குடிவர மாட்டோம், சிட்டு. கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது, அதுதான் தொல்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் போர்த்திவிடுவீர்கள், எல்லாரும் அன்பாக இருப்பீர்கள், அந்தக் கை அப்படியே சால்வைக்குள் போய்விடும். இங்கே அதற்கு வேலை இருக்கிறது. நாளைக்கு எங்களால் முடியாமல் போனால் நானே கேட்டு வருவேன், பெற்ற மகளிடம் எனக்கென்ன வெட்கம். வெயில் வந்ததும் விருந்தாளியாக வருகிறோம், அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. கட்டில் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நீளமான மேசை போட்டு வை, உன் வீட்டு ஜன்னல்களுக்கு அளவெடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். துணிக்கு மட்டும்தான் அளவு, மரத்துக்கு இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இதோடு ஒரு பார்சலும் வரும். உனக்கு ஒரு கோட்டு, நீல நிறம். உன் பழைய அளவுதான் எங்களிடம் இருக்கிறது, குழந்தை பிறந்த பிறகு கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருப்பாய், அதனால் இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறது. இறுக்கமாக இருந்தால் பிரித்துவிட்டுக்கொள், தளர்வாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், சும்மா தடிப்பாக இருக்கிறது என்று அதை வெட்டி எறிந்துவிடாதே, எப்போது வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை குனிந்து பாரம் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் கையும் உங்கள் தலைமேல் இருக்கிறது, அவருடைய இரண்டு கையும்தான்.

கையெழுத்தை எப்படிப் போட வேண்டும் என்று உன் அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நானாகப் போட்டுக்கொண்டேன் என்று நினைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா, கட்டிங் மாஸ்டர்
உன் அப்பா, துணி பிடிக்கிறவர்