ஐயா பெயரில் என் படிப்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் ஜன்னலுக்குக் கொக்கி போய் ஒரு மாதம். மறுபடியும் கயிறு.

இன்று:
வெ.மலையில் எங்கள் பிள்ளைகள் விடுதிக்கு அரிசி வந்ததா, போன்.
ஞாயிறு ஆராதனை அறிவிப்புகள் டைப்.
ஐயாவின் கட்டுரை, ஐந்து பக்கம். தலைப்பு: வேலைக்காரனாக இருக்கும் தலைவன்.
என் விண்ணப்பம். (மூச்சு விடாதே, ரூபி.)

ஐயா எங்கள் டிரஸ்டின் தலைவர், சபைக்குப் போதகரும் அவரே. ஒன்றரை வருடமாக ஆன்லைனில் எம்.ஏ. கிறிஸ்தவப் பார்வையில் நிறுவனத் தலைமை. பெயர் அவருடையது, போட்டோ அவருடையது. பாடம் படிப்பது, கட்டுரை எழுதுவது, மெயில் பார்ப்பது எல்லாம் நான். இதை எழுதிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

கொடுமை என்னவென்றால், படிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. பிள்ளைகள் ஏன் விடுதியை விட்டு ஓடுகிறார்கள், கூட்டத்தில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாம் அந்தப் பாடங்களில் இருக்கிறது. போன மாதம் மெல்லக் கேட்டேன், “நானும் இதப் படிக்கலாமாங்கய்யா?”

“நீதான் படிச்சிக்கினு இருக்கியேம்மா! ரெண்டு தபா எதுக்கு?”

ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

விண்ணப்பக் கடைசி நாள் 15. வேண்டியது: டிகிரி நகல், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரை, போதகரின் பரிந்துரைக் கடிதம். அந்தக் கடிதத்தில்தான் முட்டுக்கட்டை, போதகர் ஐயாவேதான்.


ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம் ஜாஸ்தி. மாலை வகுப்பு.

ஐயா இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவில் கேமராவுக்கு முன்னால். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம், கேமராவில் படாத மூலையில், இன்னொரு கீபோர்டோடு. பேராசிரியர் கேள்வி கேட்டால் ஐயா கண்ணை மூடி யோசிப்பார். பதிலை நான் சாட் பெட்டியில் அடிப்பேன். இன்று அவர் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பெயரில் எட்டு வரி போய் விழுந்தது. பேராசிரியர், “ஆழமான பதில்” என்றார். ஐயா தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

முடிந்ததும், “இன்னாம்மா எழுதன?”

“அதிகாரம் இருக்கறவங்க மொதல்ல காது குடுத்துக் கேக்கணும்னு எழுதனேங்கய்யா.”

“நல்லா இருக்குது. ஞாயித்துக்கெழம பிரசங்கத்துக்கு வச்சிக்கலாம்.”


ஜூலை 12, சனி

காலை ஆறு மணிக்கே ஜீப்பில் வெ.மலை. பனி இறங்கி எதிரே வருவது தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பா நினைப்பு. டிரஸ்ட் ஜீப்பைப் பதினாறு வருடம் இதே ரோட்டில் ஓட்டினார். அவர் போன பிறகும் ஆபீஸ் பின்னாலிருக்கும் குவார்ட்டர்ஸில் அம்மாவும் நானும். ஐயாதான் இருக்கச் சொன்னார். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

போன காரியம்: இயேசு சீடர்களின் காலைக் கழுவியதுபோல ஐயா தனக்குக் கீழே வேலை செய்யும் ஒருவரின் காலைக் கழுவி வீடியோ அனுப்ப வேண்டும். கட்டுரைக்கு அதுவும் ஒரு பகுதி. விடுதியில் சமைக்கும் சின்னப்பொண்ணு அக்காதான் ஆள். முன்தினமே சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு. பாவம், தேங்காய் நார் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவியிருக்கிறாள். குதிகால் சிவந்து கிடந்தது. “ஐயா கையில அழுக்கு ஒட்டக்கூடாது இல்ல” என்றாள்.

ஐயா குனிந்து தொட்டதும் எகிறி எழுந்துவிட்டாள். “வேணாஞ் சாமி, நான் இன்னா தப்பு பண்ணேன்?”

மறுபடி எடுத்தோம். இரண்டாவது நன்றாக வந்தது. முடிந்ததும் தண்ணீர்ப் பேசினை அவளே தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு எங்களுக்குச் சாமைச்சோறு வடித்தாள். நான் வீடியோவுக்கு அடியில் நாலு வரி எழுதினேன். நன்றாக எழுதினேன், அதுதான் குத்துகிறது.


ஜூலை 14, திங்கள்

செய்துவிட்டேன்.

கையெழுத்துக் கட்டு: டீசல் கடிதம், விடுதி விடுப்பு, சபைக் கூட்டத் தகவல், என் பரிந்துரைக் கடிதம், இன்னொரு விடுப்பு. நான் வைப்பதை ஐயா படிப்பதே இல்லை. போனில் யாருக்கோ ஜெபித்துக்கொண்டே ஐந்திலும் போட்டார். நாலாவதில் போடும்போது நான் ஜன்னல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையெழுத்தின் ஸ்கேன் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அது பொய். இது பொய் இல்லையா? தெரியவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதக் கை வந்தது, எழுதவில்லை.

கட்டுரைக்கு அப்பா கதை. எனக்குப் பத்து வயது இருக்கும். பொதுத்தேர்வு முடித்த விடுதிப் பெண்கள் ஒன்பது பேரோடு ஜீப் மலையிலிருந்து இறங்குகிறது. கோடைமழை, பனிமூட்டம், ஹெட்லைட் அவுட். ஐயாவும் வண்டியில். அவருக்கும் ஓட்டத் தெரியும். அப்பா ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, வெள்ளைத் துண்டை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த வெள்ளையைப் பார்த்து வண்டி பின்னால். செருப்பு வழுக்கியதால் வெறுங்கால். பதினோரு வளைவு.

முன்னால் போகிறவன் தலைவன் இல்லை, பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி போகிறவன்தான் தலைவன் என்று முடித்தேன். அழுதேன் கொஞ்சம். அனுப்பியாயிற்று.


ஜூலை 21, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது. மெயில் திறந்தேன்.

எனக்கு ஒன்று: உங்கள் கட்டுரை, எங்களிடம் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவரின் கட்டுரையோடு பெருமளவு ஒத்துப்போகிறது. 25ஆம் தேதிக்குள் விளக்கம் தரவும்.

ஐயாவின் பெட்டியில் ஒன்று: உங்கள் முதல் பருவக் கட்டுரையை வேறொருவர் பயன்படுத்தியதாகத் தெரிகிறது. அது உங்கள் சொந்த அனுபவம்தானா என்று உறுதிசெய்யவும்.

இரண்டு பெட்டியையும் திறப்பவள் நான். இரண்டுக்கும் பதில் எழுத வேண்டியவளும் நான்.

முதல் பருவத்தில் ‘நீங்கள் முன்நின்று நடத்திய ஒரு சம்பவம்’ என்று கேட்டிருந்தார்கள். ஐயா, “எதனா நல்லதா போடும்மா” என்றார். நல்லதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ‘நான்’ என்று எழுத வேண்டியிருந்ததால் ஆளை மாற்றினேன். அப்பாவை வண்டிக்குள் உட்கார வைத்து, ஐயாவைத் துண்டோடு ரோட்டில் நடக்கவிட்டது நான்தான். போன வாரம் எழுதும்போது அந்த நினைப்பே வரவில்லை. அப்பா கதை அப்பா கதைதானே என்று இருந்துவிட்டேன். கடைசி வாக்கியம் உட்பட வார்த்தைக்கு வார்த்தை அதேதான் வந்திருக்கிறது. கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மெஷினுக்கு என்ன தெரியும், யாருடைய அப்பா என்று.

மதியம் சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.


ஜூலை 22, செவ்வாய்

ஐயாவிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“நீ எப்பம்மா அப்ளை பண்ண?”

“பதினாலாந்தேதிங்க.”

“என் லெட்டர் இல்லாம எப்பிடி?”

“நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. கட்டுல வச்சேன்.”

மேசையிலிருந்த இன்றைய கையெழுத்துக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “உன்ன என் மவ மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார். அது உண்மைதான்.

“அது எங்கப்பா நடந்ததுங்கய்யா.”

“யாரு இல்லன்னா? நம்ம டிரைவரு, நம்ம ஜீப்பு, நம்ம புள்ளைங்க. ஊழியத்துல நடந்தது, உன்னுது என்னுதுன்னு இருக்குதா?” சட்டென்று குரல் இறங்கியது. “என் அனுபவந்தான்னு என் மெயில்ல போட்டுடு. உன்னுதுல, தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சிக்கோங்கன்னு எழுது. அடுத்த வருஷம் நானே லெட்டர் தரேன்.”

அடுத்த வருஷம். திருடி என்று என் பெயருக்கு எதிரே எழுதிய பிறகு எந்தக் கல்லூரி எடுக்கும்? அதுவும் கிறிஸ்தவத் தலைமைக்கு!

எதிர்த்தால் குவார்ட்டர்ஸ் போகும். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே போவது? தலையாட்டிவிட்டு வந்தேன்.


ஜூலை 23, புதன்

நல்ல மழை. துணி காயவில்லை.

இரண்டு பதிலையும் அவர் சொன்னபடி அடித்து வைத்தேன். அனுப்ப மட்டும் கை போகவில்லை. மதியம் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எழுதிட்டுப் போடி ரூபி. மன்னிப்புக் கேட்டா தேஞ்சா பூடுவ? வூடு இருக்குது இல்ல?”

அம்மாவும் இப்படித்தான் சொல்வாள் என்று தெரியும். இருந்தாலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்தக் கட்டுரையில நடந்தது அப்பா இல்லம்மா. ஐயா நடந்தாருன்னு எழுதியிருக்கேன். அப்பா வண்டிய ஓட்டிக்கினு வந்தாராம்.”

கீரையைக் கீழே வைத்தாள்.

“இன்னாது? அவரா நடந்தாரு?”

“நான்தாம்மா மாத்தி எழுதனேன்.”

“அன்னிக்கு உங்கப்பன் வந்து நின்னப்போ காலு காலாவா இருந்துச்சி? கல்லு குத்தி, பாளம் பாளமா. நாந்தான் வெந்நி வச்சி ஊத்தி மண்ண எடுத்தேன். நாலு நாளு செருப்பு போடல.” மூச்சு வாங்கினாள். “இன்னா தைரியம்டி உனக்கு! அந்தக் காலத் தூக்கி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டு வந்திருக்க.”

ஐயாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டினாள். சரியாகத்தான் திட்டினாள்.

“வூடுன்னியே?” என்றேன்.

“வூடு போனா போவுது. உங்கப்பன் பேர திரும்ப எழுது, போ.”

நான்கு மணிக்கு ஆபீஸில் யாரும் இல்லை. மன்னிப்புக் கடிதத்தை அழித்தேன். நடந்தவர் என் அப்பா, அந்த மாணவரின் கட்டுரையையும் எழுதியவள் நானே, இதுவரை வந்த எல்லாக் கட்டுரைகளும் அப்படித்தான் என்று மூன்றே வரி. இதற்கு எனக்கும் இடம் கிடைக்காது. தெரிந்தேதான் எழுதினேன். அனுப்பிவிட்டேன்.

ஐயாவின் பதிலை அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.


ஜூலை 24, வியாழன்

மழை விட்டுவிட்டது. அம்மா விடியற்காலையிலேயே பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கிப் பாத்திரங்களை அதில் அடுக்குகிறாள். யாரும் இன்னும் போகச் சொல்லவில்லை என்றேன். “சொல்லட்டும்” என்கிறாள்.

பத்து மணிக்கு ஐயா வந்தார். “பதில் போட்டாச்சாம்மா?”

“என்னுது போட்டாச்சுங்கய்யா. உள்ளத எழுதிட்டேன்.” எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். “உங்களுது நீங்கதான் எழுதணும்.”

முகம் வெளுத்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நின்றேன். உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார். கீபோர்டை வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்தார்.

“எப்பிடிம்மா ஆரம்பிக்கறது?” இத்தனை வருடத்தில், தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“வண்டிய ஓட்டனது யாரு, முன்னாடி நடந்தது யாருன்னு ஆரம்பிங்கய்யா.”

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். ஆபீஸுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஃபேன் ஓடினால் இந்தப் பக்கம் கேட்கும். மணி பன்னிரண்டு. ஃபேன் ஓடுகிறது. ஒரு எழுத்து அடிக்கிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.