சித்தப்பாவுக்கு வெட்டிய குழி

அன்பு மகன் சேரனுக்கு, திண்டிவனத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அஸ்வினியும் தோகாவில் அப்படியே இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறோம். சித்தப்பா துரைக்கண்ணுவைக் குழியில் இறக்கியபோது பெட்டி தண்ணீரில் மிதந்தது, நான் இறங்கி அதன்மேல் ஏறி நின்று அமுக்கினேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று போனில் சொன்னது பொய். லீவு கிடைக்காமல் அங்கே அழுதுகொண்டிருந்தவனிடம் வேறு எதைச் சொல்வது. இதை எழுத வேண்டாம் என்கிறாள் அம்மா, நான் கேட்கவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போனது செவ்வாய்க்கிழமை விடிகாலை, புயல் மழை பிடித்து மூன்றாம் நாள். ரோடெல்லாம் ஏரி, ஆம்புலன்ஸ் வீடு வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. வழக்கம்போல பொக்லைன்காரர் ஜெகதீசனுக்கு போன் போட்டேன். கல்லறைத் தோட்டத்து மண் பாதையில் இறங்கினால் அப்படியே புதைந்துவிடும், அப்புறம் எம் வண்டிக்கே ஒரு குழி வெட்டணும் சார் என்று சொல்லிவிட்டார்.

உனக்கு நினைவிருக்கும், முன்பு நம் கோயில் பங்கில் யார் செத்தாலும், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம் அன்பியமாக முறை வைத்து நாலு ஆம்பளைகள் குழி வெட்டுவார்கள், கூலி கிடையாது, பெண்கள் அந்த வீட்டுக்கு மூன்று நாள் சமைத்துக் கொண்டுபோவார்கள். என் முறை வந்தால் நம் வேர்க்கடலை மண்டியிலிருந்து லோடுமேனை அனுப்பிவிடுவேன், மல்லாட்டை சீசனில் தராசை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பேன். என்னைப் பார்த்து வாத்தியார் வீட்டில் டிரைவரை அனுப்பினார்கள். பிறகு ஒரு அன்பியக் கூட்டத்தில் நானே எழுந்து, எதற்கு நாலு பேர் இடுப்பு ஒடியணும், பொக்லைன் வைத்தால் அரை மணி நேர வேலை, இந்த முறையே வேண்டாம் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். முப்பது வருஷமாக ஊருக்கே குழி வெட்டிய உன் சித்தப்பா மட்டும், அப்ப நாங்க எதுக்குண்ணே அங்க வரணும், போட்டோ புடிச்சிக்கினு போவவா என்று கேட்டான். வேலையில்லாதவன் பேச்சு என்று சிரித்துவிட்டேன்.

அன்றைக்கு மழையில் நாற்பது பேர் வாசலில் குடையோடு நின்றார்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, அழாதவர் இல்லை. யார் முறை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை, முறையைத்தான் நான் எடுத்துவிட்டேனே. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அறுபத்திரண்டு வயதில் நானே மண்வெட்டியை எடுத்தேன். சாவு வீட்டுச் சமையலை முன்னால் நின்று நடத்துவாளே லூர்துமேரி, அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, இன்னாண்ணே, லோடுமேன் லீவா என்று கேட்டுவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மண் அள்ளும் பாண்டோடு என் பின்னால் வந்தாள். அதைப் பார்த்து வெட்கப்பட்டு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கிழக்கு மூலையில் வெட்டினோம். அங்கே ஊற்று சுரக்கும் என்று தெரிந்தவன் பெட்டிக்குள் கிடந்தான். வாளியால் மொண்டு ஊற்ற ஊற்ற ஊறியது, சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து மேலே வந்தது. நான் இறங்கி நின்ற இடம் அவன் நெஞ்சுக்கு நேரே. என் முழங்கால்வரை மண் விழுந்த பிறகுதான் கை கொடுத்துத் தூக்கினார்கள். காலுக்கடியில் பலகை அசைந்தது இன்னும் போகவில்லை.

சித்தப்பாவுக்கு மார்பிள் கல்லறை கட்டலாம் என்றாய், வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய். அங்கே வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் காருக்கு ஓடாதே, நாற்காலி அடுக்குகிறவர்களோடு நின்று நீயும் அடுக்கு. யார் நோவில் கிடக்கிறார், யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும், உனக்கு ஒன்று என்றால் கதவைத் தட்டப்போவதும் அவர்கள்தான், நான் இங்கிருந்து வர முடியாது. அஸ்வினியை ரத்தச் சோகை மாத்திரையை விடாமல் போடச் சொல். மண்டியில் அடி மூட்டைகள் நனைந்து முளை விட்டுவிட்டன, அது போகட்டும்.

போன ஞாயிறு அன்பியக் கூட்டத்தில் முறையைத் திரும்பக் கொண்டுவரணும் என்று எழுந்து கேட்டேன். லூர்துமேரிதான், எடுத்ததும் நீங்க, குடுக்கறதும் நீங்களா, நல்லா கீதுண்ணே உங்க யாவாரம், இந்த வாட்டி கண்டிசன் நாங்க சொல்றோம் என்றாள். நாற்பது வருஷம் பேரம் பேசியவன், அன்று ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், மாதா கூட இருக்கட்டும். டிக்கெட் போடுமுன் இதை மறந்துவிடாதே, நான் ஒப்புக்கொண்டு வந்தது இவ்வளவுதான்: எந்த வீட்டுச் சாவானாலும் முதல் மூன்று குழி என் கையால், அன்று மண்டி பூட்டியிருக்கணும், என் இடத்தில் வேறு ஆள் வந்து நின்றால் அன்பியத்தில் என் பெயர் இல்லை, நீ லீவில் வருகிற மாதம் முறை உன்னுடையது.

உன் அப்பா,
சவரிராயன்