பாழ்மண்டபத்து மாப்பிள்ளைக்கு இரண்டாம் பாகம்

டெலானிபூர்,
போர்ட் பிளேர்,
நவம்பர் 1972

மதிப்பிற்குரிய டைரக்டர் பக்தவத்சலம் அவர்களுக்கு, அந்தமானில் உண்டு உறங்கிக் கொழுத்துப்போயிருக்கும் இரத்தக் காட்டேரி சொக்கலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இந்திராணி எட்டிப் பார்த்துவிட்டாள். “என் கூடப் பிறந்தவருக்கு லீவு லெட்டர் மாதிரியா எழுதுவீங்க?” என்றாள். ஆகவே இனி மச்சான் என்றே எழுதுகிறேன். உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டும் இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். நடுவில் கடல் இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முந்தின கப்பலில் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்து! யார் யார் நலம் என்று ஒரு வரி இருக்கும் என்று பார்த்தேன். நேராக விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். நாம் எடுத்த ‘பாழ்மண்டபத்து மாப்பிள்ளை’ அந்தக் காலத்தில் ஒரு வாரத்தில் சுருண்டது. இப்போது சென்னையில் காலேஜ் பிள்ளைகள் காலைக் காட்சியில் கூட்டம் கூட்டமாகப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இரண்டாம் பாகம் எடுக்கப் பணம் போடுகிறார், பழைய காட்டேரியே வேண்டும் என்கிறார், உடனே புறப்பட்டு வரவும். இவ்வளவுதான் கடிதம். கூடவே கதைச் சுருக்கம். அதில், அன்று இந்திராணி நடித்த கதாநாயகி வேஷத்துக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

முதலில் காட்டேரியின் தற்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்வரிசைப் பல் ஒன்றுகூடச் சொந்தமில்லை. அன்று நீங்கள் மெழுகில் செய்து ஒட்டிய கோரைப் பற்களை வசனம் பேசும்போதே விழுங்கினேன். இன்று பல்செட்டையே கழற்றி எதிராளி கையில் கொடுத்துப் பயமுறுத்த முடியும். சவப்பெட்டியில் படுக்க வேண்டுமானால் சாத்தம் மர மில்லில் சொல்லி இந்தத் தீவுப் படாக் மரத்தில் அகலமாகச் செய்யவேண்டும். நானே அங்கேதான் மரம் அளந்து எழுதுகிற கிளார்க், சலுகை கிடைக்கும். இரத்தம் குடிப்பது மட்டும் கஷ்டம். இந்த ஊர் அட்டைகளும் கொசுக்களும் குடித்தது போக யாரிடமும் அவ்வளவு மிச்சமில்லை.

இனி உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். அதைச் சொல்லாமல் இரண்டாம் பாகம் பற்றிப் பேசமுடியாது.

நாங்கள் இருவரும் உங்களிடம் சொல்லாமல் கப்பலேறி இங்கே வந்து, கெஞ்சி ஒரு வேலை வாங்கி, பழைய சினிமாக் கதையை யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு காண்ட்ராக்டர் சென்னையில் யாரும் சீண்டாத படப்பெட்டிகளை மொத்தமாக வாங்கி இங்கே இறக்கினார். அதில் நம் படமும் இருந்தது! ஊர் ஊராகப் போய்த் திரை கட்டிக் காட்டுகிற கண்ணையா அதை நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். இவர் தாத்தா கைதியாக வந்தவர். கண்ணையா பிறந்தது வளர்ந்தது எல்லாம் தீவில். வீட்டில் இந்தி, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

ரங்கத்தில் அப்போது கப்பல் கரைக்கு வராது. சாமானைச் சின்னப் படகில் மாற்றி இறக்கவேண்டும். இறக்கும்போது கடைசி ரீல் இருந்த டப்பா கடலில் விழுந்துவிட்டது. கரையில் காட்டைத் திருத்திக் குடியேறிய ஜனங்கள், பாதிப்பேர் வங்காளிகள், மத்தியானமே பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. முடிவில்லாத படத்தைக் காட்டினால் முதுகுத் தோல் மிஞ்சாது. கண்ணையா என்ன செய்தார் தெரியுமா? நடுவில் கதாநாயகி காணும் கனவில் கல்யாணம் நடக்குமே, அந்த ரீலை முதலில் ஓட்டாமல் பத்திரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் ஓட்டிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள் மச்சான். நீங்கள் எடுத்த கதையில் காட்டேரி துரத்துகிறான், அவள் கிணற்றங்கரையில் திரும்பி நிற்கிறாள், கடைசி ரீலில் அவன் நெஞ்சில் முளையடித்துச் சாம்பலாக்கிவிட்டு அவளும் கிணற்றில் விழுந்து சாகிறாள். ரங்கத்தில் அவன் துரத்துகிறான், அவள் திரும்பி நிற்கிறாள், அடுத்த நொடி இருவரும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள்! வங்காளிப் பெண்கள் கல்யாணம் என்றால் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். அன்று கூட்டத்திலிருந்த அத்தனை பெண்களும் எழுந்து நின்று குலவையிட்டார்களாம். ஓடி வந்தவள் நின்று முகத்தைப் பார்த்தாள், பேய் மனுஷனாகிவிட்டான் என்று அவர்களாகவே கதையை முடித்துக்கொண்டார்கள். காட்டுக்குப் பயந்து, புயலுக்குப் பயந்து வாழ்ந்த ஜனங்களுக்கு அந்த முடிவு பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அதே வரிசையில் ஓடுகிறது. அறுந்து அறுந்து ஒட்டிய படம். நான் ஒரு வாக்கியத்தில் பாதிதான் பேசுவேன், மீதியைக் கூட்டம் பேசும். குட்டு உடைய ரொம்ப நாள் ஆகவில்லை. மீன் வாங்கப் போனபோதே ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்து “அரே, பூத் பாபு!” என்று கத்திவிட்டார். இன்றைக்கும் தீவு முழுக்க நான் பூத் பாபு, அதாவது பேய் ஐயா; உங்கள் தங்கை பூத் பாபி, பேய் அண்ணி. எங்கள் மகள் மல்லிகாவைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

இரண்டாம் பாகம் என்றதும் கண்ணையாவிடம்தான் ஓடினேன். கதைச் சுருக்கத்தைப் படித்துக் காட்டினேன். சாம்பலில் இரத்தம் சிந்திக் காட்டேரி எழுகிறான் என்ற இடத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். “சாம்பலா? எந்தச் சாம்பல் பாபு? ஷாதி முடிஞ்சு குடித்தனம் பண்றவனை எதுக்குய்யா எழுப்பணும்? செத்துட்டான்னு நான் போய்ச் சொன்னா பப்ளிக் என்னையில்ல குழியில போடும்!” இரண்டாம் பாகம் என்றால் மாமியார் சண்டையிலிருந்துதான் தொடங்க முடியும் என்கிறார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொன்னம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். படம் கலரா, கலரென்றால் பாபிக்கு என்ன நிறத்தில் புடவை?

பாபிக்குப் புடவைமேல் கவனம் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாகப் போயிற்று.

உங்கள் கடிதத்தை ஒரே தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். “இவருக்குக் காட்டேரி வேணுமாம், தங்கச்சி வேண்டாமாம்” என்றாள். ஆனால் கதைச் சுருக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அதில் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். இறந்துபோன கதாநாயகிக்கு இரண்டாம் பாகத்தில் புதிதாக ஓர் அண்ணன் முளைத்திருக்கிறான் அல்லவா? வயதாகி, தனியாக அந்தக் கிணற்றைத் தேடி வந்து, குனிந்து, ‘தங்கச்சி, நான்தான் வந்திருக்கேன்’ என்று கூப்பிடுகிறான் அல்லவா? அந்தப் பக்கம்தான்.

மச்சான், நான் அரைகுறை நடிகன். ஆனால் வசனம் யாருக்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு மூளை உண்டு. முதல் பாகத்தில் அண்ணனே கிடையாது. நாங்கள் வந்த பிறகு, தங்கை செத்துவிட்டாள், தலைமுழுகிவிட்டேன் என்று நீங்கள் ஊரில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அந்தச் செய்தி வந்த அன்று இவள் சமைக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நான் சொன்னால் விட்டதுமில்லை. ‘அண்ணன் டீயைச் சூடாறவச்சுத்தான் குடிப்பார்’ என்பது போல எதையாவது சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். இத்தனை வருஷமும் தன்னைச் செத்தவளாகவே அண்ணன் வைத்திருக்கிறாரா இல்லையா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

இந்த விஷயத்தைக் கண்ணையா மூக்கில் வியர்த்தவர்போல் மோப்பம் பிடித்துவிட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் திரை கட்டினார். “பார்ட் டூ வரப்போகுது, பார்ட் ஒன்னை எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கங்க” என்று சைக்கிளில் போய் அறிவிப்பு வேறு.

இந்திராணி எப்போதும் கிணற்றங்கரைக் காட்சி வந்ததும் எழுந்துவிடுவாள். பால் காயவைக்கணும், மாவு புளித்துவிடும், ஏதாவது ஒன்று. கல்யாண ரீலை அவள் பார்த்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்த அன்று புரோகிதர் வேஷக்காரர் வரவில்லை என்று நீங்களே குடுமி ஒட்டிக்கொண்டு நின்றீர்களே, ஞாபகமிருக்கிறதா? காமெராவுக்கு முன்னால் எங்களை மாலை மாற்றச் சொன்னவர் நீங்கள். ஒரு தடவை போதாதென்று மறுபடியும் மறுபடியும் மாற்றச் சொன்னவரும் நீங்கள். பிறகு நிஜமாகவே மாற்றிக்கொண்டபோதுதான் சாதியும் சம்பளமும் ஜாதகமும் குறுக்கே வந்தன. அந்த ரீல் முடிகிற இடத்தில் திரை முழுக்க உங்கள் முகம். ஒட்டுக்குடுமி நழுவுகிறது. அதையும் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் தலையில் அட்சதை போடுகிறீர்கள். கண்ணையாவின் வரிசைப்படி எங்கள் ஊரில் படத்தின் கடைசி முகம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. மல்லிகாதான் வழக்கம்போல், “அம்மா, பால் பொங்கிடும், போகலையா?” என்று கேலி செய்தாள். “பொங்கினா பொங்கட்டும்டி” என்றாள். கல்யாணம் வந்தது, குலவை வந்தது, நீங்கள் வந்தீர்கள். வெளிச்சம் போட்ட பிறகும் வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணையா என்ன நினைத்தாரோ, யாரும் கேட்காமலேயே அந்த ரீலை இன்னொரு முறை சுற்றி ஓட்டினார். நான் பல்செட்டைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணனுக்கு எழுதுங்க. நான் பேயா நடிக்கமாட்டேன். உயிரோட இருக்கிறவளா இருந்தா நடிக்கிறேன். ஆனா பேப்பர்ல கதை கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முன்னெல்லாம் எதிரே உட்காரவச்சு, ஆளுக்கொரு குரல்ல நடிச்சுக் காட்டித்தான் கதை சொல்வார். அப்படிச் சொல்லணும். இங்கே வந்து சொல்லணும்.” கொஞ்ச நேரம் கழித்து, “அவருக்குக் கப்பல் ஒத்துக்குமா?” என்றாள்.

ஆகவே மச்சான், காட்டேரி புறப்பட்டு வராது. கோயம்புத்தூர்க்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கேட்டால் லொகேஷன் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. பாழடைந்த கட்டடம் வேண்டுமா, வெள்ளைக்காரன் விட்டுப்போனவை வேர் மூடிக் கிடக்கின்றன. வௌவால் வாடகையில்லாமல் கிடைக்கும். கிணற்றுக்குத்தான் கஷ்டம், இங்கே எல்லாம் குழாய்த் தண்ணீர்.

தை மாதக் கப்பலில் வாருங்கள். அப்போதுதான் கடல் அடங்கியிருக்கும். முதல் நாள் தெரியாது. இரண்டாம் நாள் தலை சுற்றும். எலுமிச்சம்பழம் நாலைந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி வேண்டாம், குடை கட்டாயம். பலகாரம், புடவை, சீர் என்று எதையும் சுமந்து வந்து சபையைக் கூட்டவேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். மல்லிகாவுக்கு உங்கள் மூக்கு. பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

கப்பல் ஜெட்டிக்கு நான் மட்டும்தான் வருவேனாம். சமையல் இருக்கிறதாம் அவளுக்கு. அதை நம்பாதீர்கள். இங்கே கப்பல் தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே ஊர் முழுக்கக் கரையில் நிற்கும். நீங்கள் மேல்தட்டிலேயே, கம்பியோரமாக நின்றுகொண்டு வாருங்கள். அறைக்குள் படுத்துவிடாதீர்கள், எவ்வளவு தலை சுற்றினாலும். கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் உங்கள் நரைத்த தலை பழக்கமில்லை. ஆகையால் கரை நெருங்கியதும், கௌரவம் பார்க்காமல், அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் கடலம்மன் துணையிருக்கட்டும்.

வழிபார்த்திருக்கும் மைத்துனன்,
சொக்கலிங்கம்