மூடி வைத்த மீன் தலை

வெம்பிளி, செப்டெம்பர் 1990

இஞ்சேருங்கோ,

உங்களை இராணுவ முகாம் முகாமாகத் தேடிவிட்டு வந்த அண்ணை, எனக்கு மழையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார். மழையாம், மழை! நானும் வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று வீட்டுக்காரி மிசிஸ் லெவினுக்கு யூதப் புத்தாண்டு. அவருக்குக் கை நடுக்கம் என்பதால் மீனை நான்தான் சமைத்தேன். மேசையில் தேனும் அப்பிளும் மாதுளையும் வட்டமாய்ச் சுட்ட பாணும் இருந்தன. வருசம் இனிக்க வேண்டுமாம். மீனுக்குப் புளி விடவே விடவில்லை.

மீனைக் கொண்டுவந்து வைத்ததும், "தலை எங்கை பிள்ளை? இண்டைக்கு அதுதானே முக்கியம்!" என்று பதறினார்.

நம் வீட்டில் தலை எப்போதும் உங்களுக்குத்தானே. பழக்கத்தில் அதை எடுத்துக் குசினியில் மூடி வைத்திருந்தேன். யாருக்கென்று சொன்னேன்.

அவர் அதை எடுத்துவரச் சொல்லி, "இந்த வருசம் நாங்கள் வாலாக இல்லாமல் தலையாக இருக்க வேணும்" என்று வேண்டிக்கொண்டு, என் தட்டில் வைத்தார்.

"இனி நீதான் சாப்பிட வேணும்."

நம் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கோவிக்காதேங்கோ.

உங்கள் மகளின் அம்மா