தடியன் கையில் நீ கட்டிய நூல்

கிளி,

நேற்று பாரிஸ் லா சப்பலில் தேர். உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ரோட்டில் ஓடி, வெயிலில் காய்ந்து, புளித்து மணந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவியும் அந்த மணம் செருப்பை விட்டுப் போகவில்லை. எனக்கு அது உன்னுடைய மணம். ஒவ்வொரு தேருக்கும் என் மகனின் கையை இழுத்து வைத்துக் கோயில் நூலைக் கட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுக்கிறவள் நீதானே. இந்த வருசம் நூலை நான் வாங்கினேன். இன்னும் கட்டவில்லை.

எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். களைப்பாகவும் இருக்கிறது. ஆனாலும் இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சார்செலில் நமக்கு எதிரெதிர்க் கதவுகள். ஊரில் சண்டைக்குள் அகப்பட்ட என் அண்ணையின் சேதி வரும் என்று நான் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே கிடந்த வருசம் அது. சேதி வரவேயில்லை. பிள்ளைக்கு எட்டு வயது. அவனும் என்னோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தான். ஃபுட்போலில் சேர்த்துவிடுகிறேன் என்று நீதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாய். ஒரு நாள் அவன் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் பார்த்தேன்.

"உதென்னடி, பந்து முட்டை மாதிரிக் கிடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? பிரெஞ்சுக்காரற்ற ஃபுட்போல் இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன். கையாலையும் தூக்கிக்கொண்டு ஓடினாங்கள். நான் ஒண்டும் கேக்கேல்லை."

அது ரக்பி. மாற்றுவோமா என்று கேட்டேன். "உனக்கு விசரே? அவன் அங்கை சிரிக்கிறானடி" என்றாய்.

சனிக்கிழமைகளில் எனக்கு ஒபிஸ் துடைக்கிற வேலை. அதனால் மட்ச் பார்க்கப் போனவள் நீ. வென்றார்களா என்று கேட்டால், "அது கிடக்கட்டும், பிள்ளை சிரிச்சவன்" என்பாய். உனக்கு அதுதான் கணக்கு. அவன் வளர வளர அகலமானான். நீ தடியன் என்று பெயர் வைத்தாய். எட்டுப் பேர் ஒரு பக்கம், எட்டுப் பேர் மறுபக்கம் குனிந்து தலைகளைக் கோத்து முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் அவனை விட்டார்கள். எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள் நானும் வந்தேன். நீ எழும்பி நின்று, "டேய் எருமையள், எங்கட பிள்ளையின்ர கழுத்தடா!" என்று கத்தினாய். முன்னால் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கையில் ஒரு மட்டன் ரோல்ஸ் வைத்தாய். அடுத்த முறை அவரும் உன்னோடு சேர்ந்து கத்தினாராம்.

கையில் நூலோடு விளையாடக் கூடாது என்று நடுவர் சொன்னபோது, அதன்மேல் வெள்ளை பண்டேஜைச் சுற்றிவிட்டு, "இப்ப ஆருக்குத் தெரியும்?" என்றாய். பதினைந்து வயதில் தெற்கே ஒரு கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்குப் போனான். பிறகு அதே கிளப்பில் சம்பளத்துக்கு விளையாடுகிறவன் ஆனான். முதல் தடவை டிவியில் அவனைக் காட்டியபோது எல்லாப் பொடியன்களின் மணிக்கட்டிலும் பண்டேஜ் இருந்தது. எங்கள் பிள்ளையின் பண்டேஜுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

போன குளிர்காலம் அந்த முன்வரிசை சரிந்து விழுந்தது. கழுத்தில் ஒப்பரேசன். நூலை வெட்ட நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோது, வெட்டினால் எழும்பிப் போய்விடுவேன் என்று அவன் சண்டை பிடித்தான். கடைசியில் அவர்களும் மேலே பண்டேஜ் சுற்றினார்கள். அப்போது நோயாகிப் பொபினி ஆஸ்பத்திரியில் கிடந்த உனக்கு இதைச் சொன்னேன். "அங்கையும் அதே கள்ளவேலையே!" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். உன் செத்தவீட்டில் அவன் கழுத்துப் பட்டியோடு வந்தான். குனிய முடியாது. முழங்காலில் இருந்துதான் உன் முகத்தைப் பார்த்தான்.

இனி விளையாடலாம் என்கிறார் டொக்டர். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் கை கால் வழங்குமா என்று தன்னைக் கேட்க வேண்டாம் என்றும் அவரே சொல்கிறார். கிளப்புக்கு இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். முந்தாநாள் மகன் என் முன்னால் கையை நீட்டினான். நீங்களே முடிவெடுங்கோ என்று பிரெஞ்சில் சொன்னான். நீ வைத்த சட்டம் அவனுக்கு நினைவிருக்கிறது: "விளையாடுற வரைக்கும் நான் வருசா வருசம் கட்டுவன். விடுற அண்டைக்கு இதை வெட்டி ஸேன் ஆத்திலை போடு."

வெட்டுவது என்றுதான் நேற்றுக் கத்தரிக்கோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஒருவருக்காக டெலிபோனைப் பார்த்துக் கிடந்தது எனக்குப் போதும் கிளி.

தேர் வந்த ரூ பஜோல் தெருவில் அவன் ஒதுங்கி நின்றான். வடம் பிடித்து வந்த ஒரு அண்ணை அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உந்த உடம்பை வைச்சுக்கொண்டு வேடிக்கையோ பாக்கிறாய்? பிடி!" என்றார். நான் "ராசா, கழுத்து!" என்று கத்துவதற்குள் அவன் வடத்தில் கையை வைத்துவிட்டான். காலை ஊன்றி, முதுகை வளைத்து இழுத்தான். தேர் அசைந்தது. பக்கத்தில் இழுத்தவர்கள் அவன் தோளில் தட்டினார்கள். குளிர்காலத்துக்குப் பிறகு அவன் பல் தெரிய நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது சோபாவில் படுத்திருக்கிறான். கை கீழே தொங்குகிறது. வெளுத்துப்போன உன் நூல் அப்படியே இருக்கிறது. என் மடியில் புது நூலும் இருக்கிறது, கத்தரிக்கோலும் இருக்கிறது. மத்தியானம் கிளப்பிலிருந்து டெலிபோன் எடுப்பார்கள்.

நீ இருந்தால் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஓம் கிளி, பிள்ளை சிரிச்சவன். இனி நீ சொல்லு, நான் வெட்டவோ, கட்டவோ?